ஏழுமடையில் மூட்டை ஏறிய வருஷம்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் வாழைத்தோப்பும் அந்தப் பக்கம் நாற்கரச் சாலையுமாக இருக்கிற ஏழுமடை என்ற ஊரில், தனக்குச் சேராத வேலை தன்னிடம் வந்து சேர்ந்த கதையை யார் சொன்னாலும், 'அதையும் என் தலையில கட்டிட்டாங்க' என்றுதான் முடிப்பார்கள். அப்படித்தான் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள், கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுத் தங்கள் கதையைத் தொடங்கினார்கள், தை மாதத்தில் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிகளும் அலுவலகங்களும் திறந்த செவ்வாய்க்கிழமை காலையில் அது சொன்னபடியே நடந்திருந்தது.

பல் துலக்க எழுந்தவர்கள் தலையில் மூட்டை இருந்தது. பழைய வேட்டித் துணியின் நிறம், பலாப்பழ அளவு, ஒவ்வொரு மூட்டைக்கும் பிடரிப் பக்கம் ஒரு முடிச்சு. சிலருக்கு ஒன்று, சிலருக்கு ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று நான்கு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. கீழே இறக்கி வைத்தால் கொஞ்ச நேரம் பூனைக்குட்டிபோலப் பேசாமல் கிடந்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பும் நேரம் பார்த்து மறுபடி தலையில் ஏறிக்கொண்டது. படுத்தால் அதுவும் தலைமாட்டில் சரிந்து படுத்தது, எழுந்தால் அதுவும் எழுந்தது.

ஊர் இதற்காக வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. டவுன் பஸ்ஸில் கண்டக்டர், "மூட்டையெல்லாம் மேல டாப்புல போடுங்க" என்று வழக்கம்போலக் கத்தினார். "போட முடிஞ்சா வச்சிக்கிட்டா நிப்போம், உங்க தலையில இருக்கத முதல்ல போடுங்க அண்ணாச்சி" என்று ஒரு பெண் சொல்ல, தன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் விசிலை ஊதினார். கொத்தனார்கள் வீடு வீடாகப் போய் வாசல்நிலைகளை உயர்த்தினார்கள். சலூன்காரர் மூட்டைக்குக் கீழே கத்தரிக்கோலை விடப் பழகினார். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி தின்றபடி பெண்ணின் தாயார் தலையைப் பார்த்தார்கள், பெண்ணின் அத்தைமார்கள் மாப்பிள்ளையின் தாயார் தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார்கள். மூட்டை இல்லாதவர்கள்தான் முதலில் சங்கடப்பட்டார்கள். வெறுந்தலையோடு கடைத்தெருவில் நடக்கக் கூசி, சிலர் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்கள், பேரூராட்சி அலுவலகத்தில் ஒருவர் இலவம்பஞ்சை அடைத்துப் பெரிய மூட்டையாகத் தைத்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார், மத்தியானம் காற்றடித்தபோது அது பறந்து குளத்தில் விழுந்து மிதந்தது.

முதல் வாரத்திலேயே இரண்டு சங்கதிகள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டன. ஒன்று, அவரவர் வேலை தலையில் ஏறுவதில்லை. தச்சருக்கு இழைப்புளி கையில்தான் இருந்தது, மூட்டையாக இருந்ததெல்லாம் பிறர் கொண்டுவந்து கட்டியவை மட்டும்தான். மற்றொன்று, கட்டியவர் கை பட்டால்தான் முடிச்சு அவிழும். ஆகவே வீடுகளில் காரியம் ஓரளவு சுளுவாக முடிந்தது. யார் கட்டியது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமே!

"கட்டத் தெரிஞ்ச கைக்கு அவுக்கத் தெரியாதோ?" என்று கேட்ட மனைவிமார்களின் பின்னால் நின்றுகொண்டு கணவன்மார்கள் நகத்தால் முடிச்சுகளைக் கிள்ளினார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஜெபராணி, படுக்கையில் கிடந்த மாமியாரின் மருந்தும் துணியும் வைத்தியமும் மூட்டையாகத் தன் தலையில் இருப்பதைக் கண்டதும், கணவனையும் அவன் அண்ணன்மார்களையும் தெருவில் வரிசையாக நிறுத்தினாள். "ஆளுக்கு ஒரு இழுப்பு இழுங்க. உங்க அம்மாதான?" என்றாள். இழுத்தார்கள், அவிழ்ந்தது, அன்றிலிருந்து மாமியாரை முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள், மாமியாரும் மகன்களின் கையால் கஞ்சி குடித்து உடம்பு கொஞ்சம் தேறினார்.

அவிழாதவை எல்லாம் அலுவலகங்களில் கட்டப்பட்ட மூட்டைகள்.

அவற்றிலும் ஊரிலேயே உயரமானது பால்வாடி டீச்சர் செல்லக்கனியின் தலையில் இருந்தது. அங்கன்வாடி மையம் என்று சுவரில் எழுதியிருந்தாலும் ஊருக்கு அது பால்வாடிதான். மழலைகளுக்குப் பாட்டுச் சொல்லி, படம் காட்டி, எடை பார்த்து, மத்தியானம் தூங்கவைப்பது டீச்சரின் வேலை, அது அவர் தலையில் ஏறவில்லை, நாக்கில் பாட்டாகவும் கையில் பொம்மையாகவும் இருந்தது. ஏறியது மற்றதெல்லாம். சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த ஆயா ஓய்வுபெற்றுப் போன பிறகு வேறு ஆளே வராததால் அடுப்பு வேலை ஒரு மூட்டை. வீடு வீடாகப் போய் ஆடு எத்தனை மாடு எத்தனை என்று கேட்கும் வேலை ஒரு மூட்டை. அதற்கு மேலே, கைப்பேசியில் ஒரே விவரத்தை மூன்று இடத்தில் ஏற்றுகிற வேலை. அதற்கு மேலே எது இருந்தது என்று கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. மையத்தின் மின்விசிறியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஓட்டைப் பிரித்துவிட்டார்கள். மழை வந்தால் மூட்டை நனையும், பிள்ளைகள் நனையமாட்டார்கள்.

ஏழுமடைக்காரர்கள் நல்லவர்கள். நல்லவர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு, அதை அவர்கள் குடியரசு தினத்தன்று செய்தார்கள். ஊரிலேயே அதிகம் சுமப்பவரைக் கௌரவிக்க வேண்டும் என்று மேடைபோட்டு, ஏணி வைத்து ஏறி, செல்லக்கனி டீச்சரின் மூட்டைமேல் பொன்னாடை போர்த்தினார்கள். கேடயம் கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில், "சுமக்கும் சிகரமே!" என்று ஒருவர் உருகினார். கடைசியாகப் பேசிய வட்டார மேற்பார்வையாளர் அமலோற்பவம், தானும் கழுத்து வலியோடு மைக்கைப் பிடித்தபடி, "மேட்டுத்தெரு மையத்துலயும் டீச்சர் இல்லாம பூட்டிக் கிடக்கு. செல்லக்கனி டீச்சர்தான் எல்லாத்தையும் சமாளிக்காங்களே, அதனால அந்த மையத்தோட கூடுதல் பொறுப்பையும் அவங்களே பாத்துக்கிடுவாங்க" என்றார். சொல்லி முடிக்குமுன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பொன்னாடைக்கு மேலே இன்னொரு மூட்டை வந்து உட்கார்ந்தது. கூட்டம் கைதட்டியது. செல்லக்கனி டீச்சர் வலக்கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க மேடம்" என்றார்.

அதற்குப் பிறகு அவரால் குனிய முடியவில்லை.

நிற்க முடிந்தது, நடக்க முடிந்தது, கம்பம்போல நேராக உட்கார்ந்து நேராக எழவும் முடிந்தது. குனிந்தால் மூட்டை முன்னால் சாய்ந்து ஆளையே கவிழ்த்துவிடும். பால்வாடியில் நடக்கிறதெல்லாம் குனிந்து செய்கிற காரியம். மூக்கைத் துடைக்க, கால்சட்டை பொத்தானைப் போட, கீழே கொட்டிய சோற்றை அள்ள, அழுகிற பிள்ளையைத் தூக்க, எல்லாவற்றுக்கும் குனிய வேண்டும். டீச்சர் நீண்ட காம்புள்ள கரண்டியால் மேலேயிருந்து சோறு போட்டார், பிள்ளைகள் தட்டை உயர்த்திப் பிடித்தார்கள். பாட்டு மட்டும் முன்போலவே இருந்தது. அதைக் கேட்டுவிட்டு, பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிம்மதியாகப் போனார்கள்.

பங்குனி மாதத்தில் ஒரு நாள், சுண்டல் போடுகிற நேரத்தில், ஜெபராணியின் மகள் பொன்மதியின் தொண்டையில் கொண்டைக்கடலை ஒன்று மாட்டிக்கொண்டது. பொங்கலுக்குப் பிறகு சேர்ந்த பிள்ளை அது, இரண்டரை வயது. சத்தம் வரவில்லை, கண் மட்டும் பெரிதானது. செல்லக்கனி டீச்சர் பார்த்துவிட்டார். பிள்ளை அவர் காலடியில் இருந்தது, கை நீட்டினால் முழங்காலுக்கு மேலே நின்றுவிட்டது. அவர் போட்ட கூச்சலில், இன்னொரு பிள்ளையை இறக்கிவிட வந்திருந்த ஜெபராணி ஆட்டோவை அணைக்காமலே குதித்து ஓடிவந்து, மகளைத் தூக்கித் தொடையில் தலைகீழாகச் சாய்த்து முதுகில் அறைந்தாள். கடலை தெறித்துச் சுவரில் பட்டது. பிள்ளை அழுதது. அந்த அழுகையைப்போல இனிப்பான சத்தத்தை அந்த அறை கேட்டதில்லை.

ஜெபராணி கோபப்படவில்லை. மகளின் முதுகைத் தடவிக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள்.

"டீச்சர், அழாதீங்க. உங்க கண்ணீரு எம் பிள்ள தலையில சொட்டுது."

"நான் பாத்துக்கிட்டே நின்னேனே ஜெபா. பாத்துக்கிட்டே நின்னேனே."

"நின்னீங்க, வேற என்ன செய்வீங்க? இத இறக்கியே ஆகணும். யாரு கட்டினது?"

யார் கட்டியது என்று ஊருக்கே தெரியும், மேடையில் பார்த்தார்களே! ஜெபராணி ஆட்டோவின் மேல்கூரை ரெக்சினைச் சுருட்டிக் கட்டிவிட்டு, டீச்சரை நேராக உட்காரவைத்து, வட்டார அலுவலகத்துக்கு ஓட்டினாள். அமலோற்பவம் மேடம் மறுக்கவில்லை. ஏணியில் ஏறி, பிடரிப் பக்கமாகக் கையை விட்டு, முடிச்சைப் பிடித்து இழுத்தார். நகம் உடைந்தது, முடிச்சு அசையவில்லை.

"மேடையில சொன்னது நான்தான், இல்லேங்கல" என்றார் அவர், இறங்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "ஆனா கட்டினது நான் இல்ல போலிருக்கே. என் தலையப் பாருங்க. மூணு வட்டாரத்துக்கு மேற்பார்வை பாக்கேன். எனக்கு யாரு கட்டினாங்களோ அவங்கதான் உங்களுக்கும் கட்டியிருக்கணும்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் மேசையிலிருந்த தொலைபேசி அடித்தது. பிள்ளைக்கு நேர்ந்த சேதி அதற்குள் மேலே போயிருந்தது. பாதுகாப்பு இல்லாத மையத்தைச் சித்திரை முடிவில் மூடிவிட்டு, பிள்ளைகளை நாற்கரச் சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள மையத்தோடு சேர்த்துவிடலாம் என்று தீர்மானம். லாரிகள் மூச்சுவிடாமல் ஓடுகிற சாலை அது. பெரியவர்களே கையைக் கோத்துக்கொண்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு தாண்டுகிற சாலை.

அமலோற்பவம் தொலைபேசியை வைத்துவிட்டு, "நானும் வாரேன்" என்றார். இரண்டு கோபுரங்கள் உட்கார்ந்ததுபோல இருவரும் பின்னால் உட்கார, ஜெபராணி மின்கம்பிகளுக்குக் கீழே மெதுவாகவும் மரங்களுக்குக் கீழே வளைந்து வளைந்தும் மாவட்டத் தலைநகருக்கு ஓட்டினாள்.

அங்கே இருந்த அலுவலர் பெயர் சிவஞானமுத்து. வெறுந்தலை. வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார், தேநீர் வரவழைத்தார், கேட்டதும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறி, முதலில் அமலோற்பவத்தின் முடிச்சையும் பிறகு செல்லக்கனியின் முடிச்சையும் விரலால் இழுத்து, பேனாவால் நெம்பி, கடைசியில் பல்லாலும் கடித்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "நானும் இல்லியே" என்றார். அவர் முகத்தில் தப்பித்துக்கொண்ட மகிழ்ச்சி இல்லை, வாங்க வேண்டிய அடியும் கிடைக்காத பிள்ளையின் குழப்பம்தான் இருந்தது.

அந்தப் பெரிய அறையில் மூன்று நாற்காலிக்கு ஒன்று தூசி படிந்து காலியாகக் கிடந்தது. காலையிலிருந்து ஓட்டிக் களைத்த ஜெபராணி, பக்கத்தில் கிடந்த ஒன்றைச் சேலைத் தலைப்பால் தட்டிவிட்டு, "அப்பாடா" என்று உட்கார்ந்தாள்.

"யம்மா!" என்று ஒரு சத்தம். பக்கத்து மேசைக்காரர் தளவாய், தலையில் இரட்டை மூட்டையோடு கணினியில் தட்டிக்கொண்டிருந்தவர், பிடரியைத் தடவினார். "மேல இருக்கது தொளதொளன்னு ஆயிட்டு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஜெபராணி என்னவோ ஏதோ என்று எழுந்தாள்.

"ஐயோ, இறுகுது! உக்காருங்க, உக்காருங்க!"

உட்கார்ந்தாள்.

"ஆ... இப்ப நல்லாருக்கு."

எழுந்தாள். தளவாய் முனகினார். உட்கார்ந்தாள். தளவாய் கண்ணை மூடிச் சிரித்தார். அறை முழுக்க எழுந்துவந்து சுற்றி நின்று, எழு, உட்கார், எழு, உட்கார் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் அண்ணாச்சி, இது யாரு சேரு?" என்று கேட்டாள் ஜெபராணி.

"எனக்கு முன்னால கணக்குப் பாத்தவரு. ரிட்டையராகிப் போயிட்டாரு. ஆள் வரல. அவரு வேலையும் நான்தான் பாக்கேன்."

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. அமலோற்பவம் மெதுவாகச் சொன்னார்: "நம்ம யாரும் கட்டல. இந்தக் காலி இடம் இருக்கு பாருங்க, அதுதான் கட்டியிருக்கு."

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்றார் தளவாய்.

"உக்காந்திருவேன். ஆட்டோவ உங்க மச்சானா வந்து ஓட்டுவாரு?"

சிவஞானமுத்து சிரிக்கவில்லை. "ஆள் போடுறது என் கையில இல்லம்மா. மேல தடை இருக்கு. நானும் வருஷா வருஷம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"மேலன்னா எங்க சார்? மொட்டை மாடியிலயா? ஏணி எங்ககிட்ட இருக்கு" என்றாள் ஜெபராணி.

அவர்கள் ஊருக்குத் திரும்பியதும் சேதி அடுப்படி அடுப்படியாகப் பரவியது, ஏழுமடைக்காரர்கள் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். காலியிடத்தில் ஆள் உட்கார்ந்தால் போதுமென்றால் உட்காருவதற்கா ஊரில் ஆளில்லை? முறைவைத்து உட்கார்ந்தார்கள். மேட்டுத்தெரு மையத்தைத் திறந்து, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். செல்லக்கனியின் உச்சி மூட்டை தளர்ந்தது, ஊர் மகிழ்ந்தது, செய்தித்தாள் முடிந்து அவர் கொட்டாவி விட்டபோது மூட்டை முன்னிலும் இறுகியது. துணிக்கடைப் பொம்மைக்குச் சேலை கட்டி உட்காரவைத்தும் பார்த்தார்கள், அதற்கு இளகவே இல்லை. உட்கார்ந்தவர் அந்த இடத்தின் வேலையைச் செய்ய வேண்டும், நாளைக்கும் வர வேண்டும், அடுத்த மழைக்காலத்திலும் அங்கேயே இருக்க வேண்டும். ஒரு நாள் உபகாரத்துக்கு ஒரு நாள் தளர்ச்சி, அவ்வளவே. அவரவர் பிழைப்பை விட்டுவிட்டு எத்தனை நாள் உபகாரம் செய்வது?

சித்திரை முடிந்தது. பிள்ளைகளை அனுப்பச் சொன்ன திங்கட்கிழமை வந்தது.

அன்று காலையில் பெற்றவர்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மையத்தின் வாசலில் நின்றார்கள். செல்லக்கனி டீச்சர் நாற்கரச் சாலையின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, எதைச் சொன்னாலும் 'சரிங்க' என்றே சொல்லிவந்தவர், "மாட்டேன்" என்றார். அவருக்கே அந்தச் சொல் புதிதாக இருந்ததால் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"ஜெபா, அடுப்படியில ஆயா உக்காருத மணை கெடக்கு. அதத் தூக்கிட்டு வா."

"எங்க டீச்சர்?"

"பிள்ளைங்க எந்த ரோட்டத் தாண்டணும்னு சொல்லுதாங்களோ அந்த ரோட்டுக்கு. நடுவுல போடு. இல்லாத ஆளு எவ்வளவு இடத்த அடைச்சிக்கிட்டு இருக்குன்னு போறவன் வாரவன் எல்லாம் பாக்கட்டும்."

சாலையில் போடும்வரை மணை கனக்கவில்லை. ஜெபராணி இடுக்கிக்கொண்டு நடந்தாள், பின்னால் மூட்டை ஆடாமல் செல்லக்கனி டீச்சர் நடந்தார், அதற்குப் பின்னால் ஊர் நடந்தது. சிவப்புக் கொடியைப் போலத் தன் தாவணியை ஒரு பெண் வீச, லாரிகள் நின்றன. நடுச்சாலையில் மணையைப் போட்டார்கள். அகலம் ஒரு முழம், உயரம் நான்கு விரல், ஆயாமார்களின் வருஷங்களில் தேய்ந்து நடுவில் குழிந்த பலகை. அதைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்துக்காரர்கள் தங்கள் கணக்கு வாத்தியார் நாற்காலியைத் தூக்கிவந்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் மருந்து கொடுப்பவரின் முக்காலியை. மின்வாரியத்திலிருந்து ஒன்று, நூலகத்திலிருந்து ஒன்று, வட்டார அலுவலகத்திலிருந்து அமலோற்பவம் மேடம் தானே இழுத்துக்கொண்டு வந்த இரண்டு. வெயிலில் அவை வரிசையாக நின்றன, வடக்கே போகிற வண்டிகளும் தெற்கே போகிற வண்டிகளும் அவற்றின் முன்னால் நின்றன.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். மறியல் என்றால் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"யாருய்யா இங்க தலைவரு? வாங்க, பேசுவோம்."

"யாரும் இல்ல சார்" என்றாள் ஜெபராணி.

"யாரும் இல்லாம எப்படி இத்தனை சேர் வந்துச்சு?"

"யாரும் இல்லாததாலதான் சார் வந்துச்சு."

"விளையாடாதம்மா. இவங்கல்லாம் யாரு, மறியல் பண்றவங்களா?"

"நாங்க ஓரமாத்தான நிக்கோம். மறியல் பண்ணுறது அதுங்க" என்று அவள் நாற்காலிகளைக் காட்டினாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். தொப்பியின் அடியில் அவருக்கும் ஒரு மூட்டை இருந்தது, அமுக்கிச் சப்பையாக்கி வைத்திருந்தார். காவலர்களைக் கூப்பிட்டு மணையை ஓரமாக எடுத்துப் போடச் சொன்னார். ஒருவர் பிடித்தார், அசையவில்லை. நான்கு பேர் பிடித்தார்கள். கிரேன் வந்தது, சங்கிலி அறுந்தது. இங்கே வந்து கிடந்த பிறகு அதன் கனம், அது கட்டிய எல்லா மூட்டைகளின் கனமாகிவிட்டிருந்தது.

காத்திருந்த பஸ்களிலிருந்து ஜனங்கள் இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே கண்காட்சி பார்ப்பதுபோல நடந்தார்கள். இது யாருடையது, இது எவ்வளவு நாளாகக் காலி என்று கேட்டார்கள். "எங்க ஊர்லயும் இப்படி ஒண்ணு கெடக்கே" என்றார் ஒருவர். "ஒண்ணா?" என்றார் இன்னொருவர். பஸ் கிடைக்காமல் நடந்தே தங்கள் ஊர்களுக்குப் போனவர்கள், போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு காலி நாற்காலியையும் தங்கள் ஊர்ச் சாலையில் கொண்டுவந்து போட்டார்கள். மேலே என்று எல்லோரும் சொன்ன அந்த இடத்திலிருந்து கார்கள் கிளம்பின, சாலையில் ஏறிய இடத்திலேயே நின்றன. காருக்குள் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்கள். எத்தனையோ வருஷமாகக் கேட்டும் காதில் விழாதது அப்போது கண்ணில் பட்டது. வேறு பக்கம் பார்ப்பதற்கு வேறு பக்கம் இல்லை.

ஆள் போடுவதற்கு இருந்த தடை நீங்கியது. எப்படி நீங்கியது, எந்த அறையில் யார் யாரைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்பது ஏழுமடைக்குத் தெரியாது. ஒரு காலைப்பொழுதில் கையில் துணிப்பையோடு ஒரு பெண் சாலையில் நடந்துவந்து, "இங்க பால்வாடிக்கு ஆயா வேலைக்கு ஆர்டர் வந்திருக்கு. எம் பேரு ஆவுடைத்தங்கம். எங்க உக்காரணும்?" என்று கேட்டாள்.

ஊர் மணையைக் காட்டியது.

"அட, இதப் போயா ரோட்டுல போட்டிருக்கீங்க?" என்று சொல்லி அவள் ஒற்றைக் கையால் அதை எடுத்து, தூசியைத் தட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டு மையத்தைப் பார்த்து நடந்தாள். இன்ஸ்பெக்டர் ஜீப்பை ஓரமாக்கி அவளுக்கு வழிவிட்டார்.

அடுப்படியில் மணையைப் போட்டு உட்கார்ந்து, அவள் அடுப்பைப் பற்றவைத்து, பருப்பைக் களைந்து போட்டு, முருங்கைக்கீரையை உருவத் தொடங்கியபோது, அடுத்த அறையில் செல்லக்கனி டீச்சரின் பிடரியில் ஒரு முடிச்சு தானாக அவிழ்ந்தது; மூட்டை நழுவித் தரையைத் தொடுமுன் துணி வேறு காற்று வேறாகப் பிரிந்து, மிளகாய் வறுத்ததைப் போல ஒரு தும்மலை மட்டும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போனது. அதே வாரத்தில் மேட்டுத்தெருவுக்குப் புது டீச்சர் வந்து பூட்டைத் திறந்தார். ஆடு மாடு எண்ண வேறு ஆள் வந்தான். நாற்காலிகள் ஒவ்வொன்றாகச் சாலையிலிருந்து உள்ளே போயின. எல்லாம் போய்விடவில்லை, நூலகத்து நாற்காலி இன்னும் ஓரத்தில் வெயில் காய்கிறது, கைப்பேசி மூட்டை ஒன்று சிறியதாக டீச்சர் தலையில் இருக்கத்தான் செய்தது. இருந்தாலும் மையத்தை மூடுகிற பேச்சு நின்றது, லாரிகள் அவை பாட்டுக்கு ஓடின, பிள்ளைகள் சாலைக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள்.

பெரிய மூட்டைகள் போன மறுநாள் காலையில் செல்லக்கனி டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, பயந்து பயந்து, கொஞ்சம் கொஞ்சமாக, குனிந்தார். கவிழவில்லை. இன்னும் குனிந்தார். தரையில் பென்சிலைப்போல உருண்டு கிடந்த ஒரு முருங்கைக்காய்த் துண்டை எடுத்தார், தேவையே இல்லாமல் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். ஆவுடைத்தங்கம் அடுப்படியிலிருந்து பார்த்து, "என்ன டீச்சர், எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்றாள்.

"இல்ல, சும்மா" என்றார் டீச்சர்.

பிறகு முழங்காலைத் தரையில் ஊன்றி, பிள்ளைகளின் உயரத்துக்கு வந்து, பொன்மதியின் மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பொன்மதி அசையாமல் நின்றாள். பால்வாடிக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு டீச்சர் என்பது மேலேயிருந்து கேட்கிற ஒரு பாட்டு, கீழே தெரிகிற இரண்டு பாதம். நடுவில் உள்ளதை அவள் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அந்த முகத்தை, நெற்றிப் பொட்டை, காதோரம் நரைத்த முடியை, ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு டீச்சரின் தலையில் மிச்சமிருந்த சிறிய மூட்டையின் உச்சியில் கையை வைத்து, அதற்கு மேலே ஒன்றும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள்.

"டீச்சர், நீங்க இவ்ளோதானா?"

"ஆமா கண்ணு" என்று அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார் செல்லக்கனி டீச்சர். "நான் இவ்வளவுதான்."